கொழுந்து மாடியில் ஒரு தேசிய அணி

ஹாலிஎலவுக்கு மேலே, தோட்டத்து உத்தியோகத்தர் வீடுகளில் என்னோடு வளர்ந்தவர்கள் சிலர் இன்னும் இருக்கிறீர்கள். உங்களுக்கு இது பாதி தெரிந்த கதை. மற்றப் பாதியை நான் எங்கும் எழுதவில்லை, நாற்பது வருடமாக எழுதிவரும் டயரிகளில் கூட. அதில் என் கையெழுத்தும் சம்பந்தப்பட்டிருக்கிறது என்பதுதான் காரணம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு காற்றுக் காலம். எனக்குப் பதினொரு வயது. ஜூலையில் தொடங்கி செப்டம்பர் வரை ஊவாவில் அடிக்கும் அந்த வறண்ட காற்றை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தொழிலாளர் வீடுகளான லயத்துக் கூரைத் தகரங்களின் மேல் கல் ஏற்றி வைப்பார்கள். கொடியில் காய்ந்த சேலையைத் தேடித் தேயிலைக்குள் இறங்க வேண்டியிருக்கும். தேயிலைக்கு அது நல்ல காலம். கொழுந்து குறைவாக வந்தாலும் வாசனை கூடுதலாக இருக்கும். பட்மிண்டனுக்கு அதைவிடக் கெட்ட காலம் கிடையாது. உத்தியோகத்தர் கிளப்புக்குப் பின்னால் இருந்த திறந்த ஆடுகளத்தில் ஷட்டிலை மேலே அடித்தால் அது நமுனுகுல மலைப் பக்கம் போய்விடும்.

அதனால் அந்த மூன்று மாதமும் ஆட்டம் தொழிற்சாலையின் மேல் மாடிக்குப் போகும். முன்பு அங்கே சணல் துணித் தட்டுகளில் கொழுந்தைப் பரப்பி வாட்டுவார்கள். கீழ் மாடியில் புதிய வாட்டுத் தொட்டிகள் வந்தபின் மேல் மாடி காலியாகக் கிடந்தது. தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் ஐயாவிடம் சொல்லி, தோட்டத்து மேலாளரான துரையிடம் அனுமதி வாங்கி, பலகைத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கீழே காற்றாடிகள் ஓடுவதால் தரை எப்போதும் லேசாக அதிரும். வாடும் கொழுந்தின் பச்சை மணம் பலகை இடுக்கு வழியாக ஏறி வரும். இப்போதும் எங்காவது வெட்டிய புல்லின் மணம் பட்டால் நான் அந்த மாடியில்தான் நிற்கிறேன்.

அங்கே ஒரு குறை இருந்தது. கூரை தாழ்வு. என் சித்தப்பா மட்டையை உயர்த்திக்கொண்டு எம்பினால் உத்திரத்தில் இடிக்கும். ஷட்டில் உத்திரத்தில் பட்டால் அடித்தவருக்குப் புள்ளி போய்விடும். சிக்கிக்கொண்டால் அடித்தவரே ஏறி எடுக்க வேண்டும். அதனால் அங்கே ஆடியவர்கள் யாரும் பந்தை உயர்த்துவதில்லை. வலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், நேராக, வேகமாக அடிப்பார்கள். அல்லது வலையை ஒட்டிச் சொட்டென்று விழவைப்பார்கள். பட்மிண்டன் என்றால் அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

சித்தப்பா தொழிற்சாலையில் கணக்கு எழுதும் கிளாக்கர். அப்பா ஆபீசில் பெரிய கிளாக்கர். இருவருக்கும் பதின்மூன்று வயது வித்தியாசம். தகப்பன் இல்லாத தம்பியை அப்பாதான் படிக்கவைத்து வேலையிலும் சேர்த்தார். சித்தப்பா எங்கள் வீட்டின் முன் அறையில் இருந்தார். அவருடைய மட்டை சுவரில் தொங்கும். நான்கு மூலையிலும் திருகு வைத்த ஒரு மரச் சட்டத்துக்குள் அதை இறுக்கி வைப்பார், வளைந்துவிடாமல் இருக்க. அந்தத் திருகுகளைச் சமமாக முடுக்குவது என் வேலை. ஒன்று கூடினாலும் கண்டுபிடித்துவிடுவார்.

ஷட்டில்களைப் பதுளை கடைவீதியிலிருந்து கொண்டுவருவது புடவைக்கடை மாமா. அங்கே புடவைக்கடை வைத்திருந்த முதலாளியின் மகன் அவர். சித்தப்பாவின் பள்ளித் தோழர், இரட்டையர் ஆட்டத்தில் கூட்டாளி. நான்கு மணிக்குக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு தோட்டத்து பஸ்ஸில் ஏறுவார். காற்றுக் காலத்தில் ஷட்டிலின் இறகுகள் காய்ந்து நொறுங்கும். அதற்காக ஷட்டில் குழாயை எங்கள் கேத்தலின் மூக்கில் கவிழ்த்துப் பிடித்து ஆவி காட்டுவார்கள். நனைந்த இறகின் வாடை அடுக்களை முழுவதும் பரவும். அம்மா அந்தக் கேத்தலைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார்.

இனி கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நம் நாட்டு பட்மிண்டன் அணி வெளிநாடு போய் ஆடினாலோ, வெளி அணிகள் கொழும்புக்கு வந்தாலோ அந்தச் செய்தியை எழுதிவைக்க சித்தப்பா எனக்கு ஒரு கொப்பி வாங்கித் தந்தார். பேப்பர் பதுளை ரயிலில் ஒரு நாள் பிந்தி வரும். விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட்டுக்குக் கீழே, சில நாட்களில் இறந்தோர் அறிவித்தலுக்கும் கீழே, நான்கு வரி இருக்கும். சித்தப்பா அடிமட்டத்தைப் பிடித்துக்கொள்ள நான் கோடு போட்டேன். எதிரணி, அணியில் யார், வெற்றி, தோல்வி, குறிப்பு.

“வெற்றிக்கு அகலமா வுடு பாப்பா. எழுத நெறைய வரும்” என்றார்.

வரவில்லை. டென்மார்க், இந்தோனேசியா, மலேசியா என்ற பெயர்களை நான் அட்லஸில் தேடிக் கண்டுபிடித்ததே நம் அணி அவர்களிடம் தோற்றதால்தான். தோல்விக் கட்டம் நிரம்பி ஓரத்துக்கு வழிந்தது. வெற்றிக் கட்டம் பக்கம் பக்கமாக வெள்ளையாகக் கிடந்தது. எப்போதாவது ஒரு வெற்றி வந்தால் சிவப்பு மையில் எழுதுவேன். எத்தனை சிவப்பு என்று இங்கே சொல்லப் போவதில்லை. அந்தக் கொப்பியில் இருப்பவை தோட்டத்துக்கு வந்து சேர்ந்த பேப்பர்களில் ஒரு பிள்ளையின் கண்ணில் பட்டவை மட்டும். அதை அணியின் முழு வரலாறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்பா அந்தக் கொப்பியைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரு சொல் சொல்லாமல் போகமாட்டார். “தோத்தவன் கணக்க எழுதி வச்சு என்ன செய்யப்போற?” என்பார். சித்தப்பா சிரித்துக்கொண்டே, “ஜெயிக்கப்போறவன் அதத் தெரிஞ்சுக்கணும்ண்ணே” என்பார்.

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்த அணியில் ஒருநாள் தன் பெயரும் வரும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். வேறு எதையும் அவர் அவ்வளவு விரும்பி நான் பார்த்ததில்லை. பெண் பார்க்கலாமா என்று அம்மா கேட்டபோதுகூட, டீம் எடுத்து முடியட்டும் அண்ணி என்றுதான் சொன்னார்.

அந்த ஆகஸ்டில் அணித் தேர்வு என்று பேப்பரில் வந்தது. சித்தப்பாவும் புடவைக்கடை மாமாவும் காலை ரயிலில் கொழும்புக்குப் போனார்கள். நான்கு நாள் கழித்துத் திரும்பிவந்து எங்கள் அடுக்களையில் உட்கார்ந்து ரொட்டி தின்றபடி மாமாதான் கதை சொன்னார். சித்தப்பா ரொட்டியைத் தேங்காய்ச் சம்பலில் தொட்டுக்கொண்டே இருந்தார்.

“மண்டபத்துக்குள்ள போனா கூரையவே காணோம் அக்கா. அம்புட்டு ஒசரம். எதிர்ல நிக்கிறவன் பந்த மானத்துக்கு அனுப்புறான். ஒங்க தம்பி கழுத்தத் தூக்கிப் பாத்துக்கிட்டே நிக்கிறாரு. மச்சான், பந்தப் பாக்குறியா, பல்லியப் பாக்குறியான்னு கேட்டேன்.”

“லைட்ட எண்ணிக்கிட்டிருந்தேன்” என்றார் சித்தப்பா.

முதல் ஆட்டம் அப்படியே போய்விட்டது. அடுத்த ஆட்டத்துக்கு முன் இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். தலைக்கு மேலே உத்திரம் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஆடுவது. பந்தை ஒருதரம்கூட உயர்த்துவதில்லை. எதிரே இருந்தவர்கள் உயர்ந்த பந்துக்கே பழகியவர்கள். இடுப்பளவில் சீறி வரும் பந்துக்கு அவர்களிடம் மட்டை தயாராக இல்லை. அதன்பின் ஆடிய எல்லா ஆட்டத்திலும் இவர்கள் வென்றார்கள்.

“தேர்வு பண்ற பெரியவரு வந்து, இது எந்த ஊரு ஆட்டம்னு கேட்டாரு” என்றார் மாமா. “கொழுந்து மாடி ஆட்டம்னு சொன்னேன். மனுசன் அதையும் கொப்பியில எழுதிக்கிட்டாரு.”

அம்மா சிரித்து நான் அவ்வளவு பார்த்ததில்லை. அப்பாவும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. அவருக்கு விளையாட்டில் நாட்டமில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் கடிதம் வந்தது. வெளிநாட்டுப் பயணத்துக்கான அணியில் இரட்டையர் ஜோடியாகச் சேர்க்க உத்தேசம்; கடவுச்சீட்டு எடுப்பதற்காகப் பிரஜாவுரிமை விவரங்களை உடனே அனுப்ப வேண்டும். சித்தப்பா கடிதத்தை எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார். பிறகு சொன்னார், “அதெல்லாம் அண்ணன் போட்டு வச்சிருக்கு. நம்பரக் கேட்டு எழுதினாச் சரி.”

அப்பா அதில் என்ன போட்டு வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

நம்மில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் பின்னால் வருகிறவர்கள் வாசிக்கக்கூடும். தோட்டத்தில் பிறந்த நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு அப்போது எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லை. புடவைக்கடை மாமா வீட்டைப் போல முன்பே சிலோன் பிரஜையாகப் பதிவு பெற்றவர்கள் சிலர்தான். இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தின்படி, சிலோனா இந்தியாவா என்று எழுதி விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு மூன்று வருடம் முன்பு, எனக்கு எட்டு வயதில், அந்த விண்ணப்பங்களை நிரப்பிக்கொள்ள எங்கள் வீட்டு முற்றத்தில் வரிசை நின்றது. அப்பா ஒவ்வொரு குடும்பத்துக்கும் உட்கார்ந்து எழுதினார். குடும்பத்துக்கு மூத்தவர் சொல்வார், அப்பா எழுதுவார், மற்றவர்கள் அப்பா காட்டிய இடத்தில் கைநாட்டோ கையெழுத்தோ போடுவார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்பது மூத்தவரை நம்பாததுபோல ஆகிவிடும்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். சித்தப்பா மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, விளையாடப் போகிற அவசரத்தில், நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

படிவம் நிரப்புவதில் அப்பாவுக்கு ஒரு விதி இருந்தது. ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடக் கூடாது. எழுத ஒன்றும் இல்லாவிட்டால் குறுக்கே கோடு போட்டு அடைத்துவிட வேண்டும். வெறும் இடத்தில் பிறகு யாரும் எதையும் எழுதலாம் என்பார். எங்கள் வீட்டுப் படிவங்களுக்குக் கோப்பில் வைக்கப் பிரதி எடுப்பது என் வேலையாக இருந்தது. எழுத்து அழகாக இருக்கிறது என்று எனக்கு அந்தப் பொறுப்பைக் கொடுத்திருந்தார். அப்பா, அம்மா, நான் எல்லாம் சிலோன். சித்தப்பாவின் படிவத்தில் இந்தியா.

பிழையா என்று அப்பாவிடம் கேட்டேன். பிழை இல்லை, இருக்கிறபடி எழுது, வெளியே பேசக் கூடாது என்றார். எழுதினேன். பேசவில்லை. மூன்று வருடம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன். வெற்றிக் கட்டத்தை அகலமாக விட்டுக் கோடு போட்ட சமயத்திலும் எனக்கு அது தெரியும். ஆனால் அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பது தெரியாது. அந்த வியாழக்கிழமைதான் தெரிந்தது.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அப்பா ஆபீசில் வேலை அதிகம் என்று பிந்தி வந்தார். ஞாயிறு காலை சித்தப்பா அவர் முன்னால் போய் நின்றார். கையில் பேனையும் கடிதமும் இருந்தது. அப்பா அலுமாரியைத் திறந்து நீல அட்டைக் கோப்பை எடுத்து மேசையில் வைத்தார். சித்தப்பா பக்கத்தைப் புரட்டி, தன் பெயரில் நிறுத்தி, வாசித்தார். பிறகு முதலிலிருந்து மறுபடி வாசித்தார்.

“ரெண்டு எடத்துலயும் நம்ம ஆளு ஒருத்தன் இருக்கணும்னு நெனச்சேன்” என்றார் அப்பா. “இங்க எங்களுக்கு இல்லேன்னு சொல்லிட்டா, போய் நிக்க அங்க ஒரு எடம் வேணும்ல. நீ சின்னவன், கல்யாணம் ஆகாதவன். எங்கயும் பொழச்சுக்குவ.”

“கேட்டிருக்கலாமேண்ணே.”

“கேட்டா மாட்டேன்னு சொல்லியிருப்ப.”

“ஆமா” என்றார் சித்தப்பா.

அவ்வளவுதான் பேச்சு. வெளியே தகரம் காற்றில் அடித்துக்கொண்டது. சித்தப்பா கோப்பை மூடப்போனவர், அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, கதவோரம் நின்ற என் பக்கம் திரும்பினார்.

“எழுத்து அழகா இருக்கு பாப்பா” என்றார்.

அதில் குத்தல் இருந்ததா என்று எத்தனையோ வருடம் யோசித்திருக்கிறேன். இருக்கவில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். அவர் எப்போதும் அப்படிச் சொல்வார்.

அப்பா அடுத்த இரண்டு வாரத்தில் இரண்டு முறை கோட் போட்டுக்கொண்டு பதுளைக்குப் போனார். அனுப்பிய விண்ணப்பத்தை மாற்ற வழியில்லை என்று இரண்டு முறையும் சொல்லிவிட்டார்கள். அம்மா தேநீரை அப்பாவின் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். எத்தனை நாள் அப்படிச் செய்தார் என்பதை அந்த வயதில் நான் குறித்துவைக்கவில்லை.

சித்தப்பா ஆட்டத்தை நிறுத்திவிடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் திங்கட்கிழமை நாலரை மணிக்கு வழக்கம்போல் மாடிக்குப் போனார். புடவைக்கடை மாமா தானும் போகப்போவதில்லை என்று எழுதிப் போட்டுவிடுவதாகச் சொன்னார். அன்றுதான் சித்தப்பா கோபப்பட்டு நான் பார்த்தேன்.

“நீ போகாட்டி நான் இந்த மாடி ஏறமாட்டேன். ரெண்டு பேரும் வீட்ல ஒக்காந்து யாருக்கு என்ன வரப்போவுது?”

“வேற ஒருத்தன் கூட எப்படிடா ஆடுறது? நீ எங்க நிப்பன்னு பாக்காமலே தெரியும் எனக்கு.”

“அவன் எங்க நிக்கிறான்னு பாத்து ஆடு.”

மாமா புதிய கூட்டாளியோடு ஆட வேண்டும், உயர்ந்த கூரைக்குக் கீழே. அதற்கு அந்த மாடி உதவாது. ஆகவே காற்றுக் காலம் முடியாத அந்தக் கடைசி வாரங்களில் இருவரும் வெளி ஆடுகளத்தில் ஆடினார்கள். சித்தப்பா பந்தை வானத்துக்கு அனுப்புவார். காற்று அதை எங்கேயோ கொண்டுபோகும். மாமா தேயிலைச் செடிக்குள் ஓடுவார். நானும் தேடப் போவேன். கொழுந்து எடுத்துவிட்டு இறங்கிய பெண்கள் நின்று பார்த்து, கிளாக்கரய்யாவுக்கும் கூட்டாளிக்கும் காத்து புடிச்சிருச்சு போல என்று சிரித்துக்கொண்டு போவார்கள்.

மாமா போய் வந்தார். முதல் சுற்றிலேயே தோல்வி. பேப்பரில் ஒரே ஒரு வரி. நான் அதைக் கொப்பியில் எழுதும்போது சித்தப்பா பின்னால் நின்று பார்த்தார். “நம்ம டீமு கொஞ்சம் ஒசரத்துல தடுமாறுது” என்று மட்டும் சொன்னார்.

இரண்டு வருடம் கழித்து அவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. நாட்டைவிட்டுப் போக வேண்டிய திகதியும் வந்தது. பதுளை ஸ்டேஷனில் தகரப் பெட்டி ஒன்றும் மரச் சட்டத்துக்குள் இறுக்கிய மட்டையும் அவரோடு ஏறின. திருகுகளை நான்தான் முடுக்கினேன். அப்பா மேடையில் சற்றுத் தள்ளி நின்றார். ரயில் நகரும்போது சித்தப்பா அவரைப் பார்த்து, “வரேண்ணே” என்றார். எங்கே, எப்போது என்று இருவருக்கும் தெரியாது. அப்பா கையை உயர்த்தினார். ரயில் போனபின்னும் சிறிது நேரம் இறக்கவில்லை.

எங்களுக்குப் பிறகு சிலோன் பிரஜாவுரிமை கிடைத்தது. இந்தியாவில் போய் நிற்க ஒரு இடம் எங்களுக்குத் தேவைப்படவே இல்லை. அப்பாவின் கணக்கில் பிழை கண்டுபிடிப்பது இன்று எளிது. அன்று அந்த முற்றத்தில் வரிசை நின்றவர்களின் முகங்களைப் பார்த்தவள் என்பதால் என்னால் அது முழுமையாக முடியவில்லை.

நான் பதுளையில் விடுதியில் தங்கிப் படிக்கப் போனேன். கொப்பியை எடுத்துப் போகவில்லை. அது எங்கே போனது என்று கேட்கவும் இல்லை.

அப்பா இறந்தபின் அலுமாரியை ஒழுங்குசெய்தது நான். நீல அட்டைக் கோப்புகளுக்குக் கீழே அந்தக் கொப்பி இருந்தது. நான் விட்டுப்போன பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து அப்பாவின் சாய்வான எழுத்து தொடங்கியது. எண்பதுகளின் நடுப்பகுதி வரை. கொப்பி தீர்ந்து, ஆபீஸ் தாள்களைத் தைத்துச் சேர்த்திருந்தார். நான் போட்ட அதே கோடுகள், வெற்றிக்கு அதே அகலம். சிவப்பு மை வாங்கி வைத்திருந்திருக்கிறார்.

அணியில் யார் என்ற கட்டத்தில் ஆட்டக்காரர்களுக்கு இலக்கமிட்டு எழுதியிருந்தார். முதல் பட்டியலில் ஐந்து பெயர்கள். ஆறாவது இலக்கம் போட்டு, ஒரு புள்ளி வைத்து, பெயர் இல்லாமல் விட்டிருந்தார். பேப்பரில் ஒரு பெயர் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த பக்கத்தில் நான்கு பெயர்கள், ஐந்தாம் இலக்கம் வெறுமை. அதற்கடுத்த பக்கத்திலும் அப்படியே. ஒவ்வொரு அணியிலும் கடைசியாக ஒரு இலக்கம் கூடுதலாக இருந்தது. எதிலும் குறுக்கே கோடு இல்லை.

அன்று மாலை திருச்சிப் பக்கம் இருக்கும் சித்தப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருக்கு முழங்கால் வலி, அதிகம் நடப்பதில்லை. கொப்பியைப் பற்றி, அப்பாவின் எழுத்தைப் பற்றி, அந்த வெறும் இலக்கங்களைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

பிறகு கேட்டார், “கடைசியா அண்ணன் எழுதுனது என்ன ஆட்டம்? ஜெயிச்சமா?”

பக்கத்தைப் பார்த்துச் சரியாகத்தான் சொன்னேன். “தோல்வி, சித்தப்பா.”

“கூரை ஒசரமா இருந்திருக்கும் பாப்பா” என்றார்.